ஒன்றாம் நம்பர் ரத்தம்

மதியம் மூன்று மணி. ராத்திரி இல்லை, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்... பட்டப்பகல் மூன்று மணி. புறவழிச் சாலையில் ஈ காக்கை இல்லை. தார் இளகி டயரில் ஒட்டுகிறது. சர்... சர்... என்று அது பிரிகிற சத்தம். ஸ்கூட்டரில் ஒருத்தி போகிறாள். காலுக்கு நடுவில் ஒரு தெர்மோகோல் பெட்டி. பெட்டிக்குள் அவளுடைய அக்காவின் ரத்தம்.

இது நடந்தது நம் லாரி மெக்கானிக்கின் தங்கை மகளுக்கு. மெக்கானிக் பொய் சொல்லுகிற ஆள்தான், பழைய பார்ட்ஸைப் புதுசு என்று தலையில் கட்டுகிற விஷயத்தில். இதில் பொய் சொல்லவில்லை. சொல்லி முடிப்பதற்குள் அவன் கையிலிருந்த டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. அவன் அதைப் பார்க்கவே இல்லை.

அவன் தங்கைக்கு இரண்டு பெண்கள். பெரியவள், சின்னவள். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே வீட்டுக்குள் புகுந்து அடிக்கிற மாதிரி ஒரு நோய் இருக்கிறது. அது அந்தத் தாயைத் தின்றது. பதினோரு வருஷம் ஆயிற்று. அதே நோய் இப்போது பெரியவளுக்கு. ஸ்கூட்டரில் போகிறாளே, அவள் சின்னவள். அந்த நோயை ஆராய்கிற ஆஸ்பத்திரி லேபில்தான் அவளுக்கு வேலை. அக்காவால் நடக்க முடியவில்லை என்பதால் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவாள்.

"வந்துட்டா ரத்தக்காட்டேரி. உன் பசிக்கு நான் ஒருத்தி பத்துமாடி?" என்று பெரியவள் கையை நீட்டுவாள். அன்றைக்கும் அப்படித்தான் நீட்டினாள். கை நெருப்பாய்க் கொதித்தது.

சாலையில் பாதி தூரம் போயிருப்பாள். போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தாள். லேபில் கம்ப்யூட்டர் பார்க்கிற பையன். வாய் ஓயாமல் கேலி பேசுகிறவன்.

"மேடம், பழைய சாம்பிள் ரிசல்ட் வந்திருச்சு. ஒண்ணாம் நம்பர் ஆள் சும்மா குதிரை மாதிரி இருக்கு. டிஸ்சார்ஜ் பண்ணிடலாம்."

சின்னவள் ஸ்கூட்டரை அணைத்தாள். லேபில் யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். யார் எந்த நம்பர் என்று தெரியக்கூடாது, சொந்தக்காரர் ரத்தத்தைத் தொடவே கூடாது என்பது சட்டம். ஆனால் ஒன்றாம் நம்பர் யார் என்று அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் குழாயில் அந்த நம்பர் சீட்டை ஒட்டும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவள் அவள். அவளுடைய அம்மா. ரத்தம் எடுத்த மூன்றாம் நாள் செத்துப்போனவள்.

தெரிந்தும் வாயைத் திறக்காமல் அந்த வேலையைச் செய்தாள். வீட்டுக்குப் போய் ரத்தம் எடுக்கிற நோயாளி தன் அக்கா என்பதையும் லேபில் சொன்னதில்லை. தப்புதான். அம்மாவின் ரத்தத்தை வேறு யார் கையிலாவது கொடுக்க மனசு வரவில்லை.

ஆஸ்பத்திரிக்காரன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். மிச்சத்தில் தேறுவது இவ்வளவுதான். ஜீன் என்பது வீட்டுப் பத்திரம் மாதிரி. பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும், மாறாது. அதைப் பார்த்து அன்றாடம் சீட்டு எழுதி வெளியே அனுப்பும் உடம்பு. இதைச் செய், அதை நிறுத்து, சண்டைக்கு ஆள் அனுப்பு என்று. அந்தச் சீட்டுக்குத்தான் ஆர்.என்.ஏ. என்று பெயர். வேலை முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடும். ரத்தம் எடுத்த கையோடு ஒரு மருந்தில் கலந்து உறைய வைத்தால் சீட்டுகள் அப்படியே நிற்கும். பிறகு மெஷினில் விட்டு அத்தனையையும் படித்து, எந்த ஜீன் கத்துகிறது, எது வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள்.

சாவதற்கு மூன்று நாள் முன்னால் எடுத்த ரத்தம். அதில் எல்லாம் கத்தியிருக்க வேண்டும். இதிலோ சத்தமே இல்லை.

இப்படி ஏதாவது வந்தால் லேபில் முதலில் சந்தேகப்படுவது குழாய் மாறிப்போனதைத்தான். சின்னவளும் அதையே நினைத்தாள். தன் மேலேயே கோபம். அம்மாவின் மூன்று குழாயில் ஒன்றை வீணாக்கிவிட்டோமே என்று அழுகை. லேபில் பெரிய டாக்டர் திட்டவில்லை. இன்னும் இரண்டு குழாய் இருக்கிறதே, இன்னொன்றை உருக்கு என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை. மைனஸ் எண்பதில் ஓடுகிற ஃப்ரீசர். ஆள் உயரம். அதன் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்தால் வெள்ளைப் புகை காலில் வந்து விழும். இரண்டாவது குழாயை எடுத்தாள். ஒன்றுக்கு மூன்று தடவை நம்பரைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் பையனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். அவன், என்ன மேடம் பரீட்சையா என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். உருகட்டும் என்று தாங்கியில் நிறுத்தினாள். மணி பதினொன்று பத்து.

உருகும்போது குழாயிலிருந்து ஒரு சின்னச் சத்தம். டிக். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. டிக். பனிக்கட்டி விரிசல் விடும்போது அப்படிக் கேட்கும், சகஜம். ஆனால் இது நிற்கவில்லை. ரத்தம் முழுக்க உருகித் தண்ணீராக நின்ற பிறகும்... டிக்... டிக்... நாடி பிடித்துப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி.

அக்காவின் புது ரத்தத்தையும் அதோடு சேர்த்தே மெஷினில் ஏற்றினாள். மெஷின் ஒன்றரை நாள் ஓடியது.

சனிக்கிழமை கம்ப்யூட்டர் பையன் கூப்பிட்டு உட்கார வைத்தான். அன்றைக்கு அவன் கேலி பேசவில்லை. சீட்டுகள் எவ்வளவு கெடாமல் இருக்கின்றன என்பதற்குப் பத்துக்கு மார்க் போடுவார்களாம். அக்காவின் ரத்தம் புதன்கிழமை எடுத்தது. அதற்கு ஐந்து. பதினோரு வருஷ ரத்தத்துக்கு ஒன்பது புள்ளி எட்டு. போன வாரத்தைவிட இது இன்னும் நல்லா இருக்கு என்றான். நோய் ஜீன்கள் அடங்கிக் கிடந்தன. புது ரத்தம் ஊறச் சொல்லுகிற ஜீன்கள் ஓயாமல் சீட்டு எழுதுகின்றன. படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்த உடம்பு அப்படித்தான் எழுதும்.

குழாய் மாறியிருக்கும் என்றாள் சின்னவள். அவன் தலையை ஆட்டினான். ஒவ்வொரு ஆளின் ரத்தத்திலும் கைரேகை மாதிரி ஓர் அடையாளம் இருக்கும். அந்தக் காலத்தில் பதிந்து வைத்ததோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டான். அதே ஆள்தான்.

"இன்னொண்ணு மேடம். ஒண்ணாம் நம்பரும் நூத்திப் பன்னண்டாம் நம்பரும் அம்மாவும் பொண்ணும். ஒண்ணுல எது எவ்வளவு குறைஞ்சிருக்கோ, நூத்திப் பன்னண்டுல அது அவ்வளவு ஏறியிருக்கு. புள்ளி மாறாம. அங்கேர்ந்து எடுத்து இங்க ஊத்தின மாதிரி."

நூற்றுப் பன்னிரண்டு என்பது பெரியவள்.

சின்னவள் வீட்டுக்கு ஓடினாள். அக்கா புருஷன் பொறுப்பான ஆள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மணிவாரியாகக் காய்ச்சலைக் குறித்து வைத்திருந்தான். அதை வாங்கிப் பார்த்தாள். முதல் பெரிய காய்ச்சல், போன வாரம் செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. அவள் முதல் குழாயை உருக்கிய நேரம். அடுத்தது வியாழக்கிழமை. பதினொன்று பத்து. அந்த மனிதன் அதன் கீழே கோடு போட்டு எழுதியிருந்தான்: குளிர் தூக்கிப் போடுகிறது.

கட்டிலில் பெரியவள் எலும்பும் தோலுமாய்க் கிடந்தாள். ரத்தக்காட்டேரி என்று கூப்பிடக்கூட நாக்கு புரளவில்லை.

மூன்றாவது குழாயைத் திங்கட்கிழமை உருக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் உத்தரவு. வேண்டாம் சார், இருக்கட்டும், கடைசி குழாய் என்று கெஞ்சிப் பார்த்தாள். அவர் கேட்பாரா? செத்தவளின் ரத்தம் தேறி வருகிறது என்று உலகத்துக்குக் காட்டுகிற அவசரம் அவருக்கு. படித்தவனுக்கு ஒன்று புரியாவிட்டால் அதை இன்னொரு தடவை செய்து பார்ப்பான். நாமென்றால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை, வெயில் நேரம். லேபில் ஆளில்லை. சின்னவள் உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டாள். மேஜை துடைக்கிற ப்ளீச் பாட்டிலை எடுத்து வைத்தாள். ப்ளீச் பட்டால் அந்தச் சீட்டு ஒன்றுகூட மிஞ்சாது.

ஃப்ரீசரைத் திறந்து குழாயை எடுத்தாள். கையுறை போட மறந்திருந்தாள். வெறுங்கையால் பிடித்தால் தோல் ஒட்டிக்கொண்டு பிய்ந்துவிடும். ஒட்டவில்லை. குழாய் சில்லென்றும் இல்லை. தூங்கி எழுந்த குழந்தையின் உள்ளங்கால் எப்படி இருக்கும்... அந்தச் சூடு.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவின் சேலை, செருப்பு, சீப்பு எல்லாம் போய்விட்டன. குரல் மறந்துவிட்டது. உலகத்தில் அம்மா என்று மிச்சம் இருந்தது அவள் கையில் இருந்த அந்த இரண்டு ஸ்பூன் ரத்தம்தான். அதுவும் தேறி வருகிறது. இன்னொரு தடவை உருக்கினால்... அவளுக்கும் அந்த நினைப்பு வந்தது. வரவில்லை என்று அவள் சொல்லவில்லை. மெக்கானிக் மாமனிடம் அதைச் சொல்லித்தான் அழுதாள்.

போன் அடித்தது. அக்கா புருஷன்.

"மூச்சு ஒரு மாதிரி இழுக்குதும்மா. நீ எங்க இருக்கே? உடனே வா."

சின்னவள் எழுந்தாள். மூடியைத் திருகினாள். "மன்னிச்சிரும்மா. அக்கா எனக்கு வேணும்." ப்ளீச்சை ஊற்றினாள். சிவப்பு பழுப்பாகி, பழுப்பு மஞ்சளாகி, கடைசியில் வெறும் தண்ணீர். ப்ளீச் நெடி மூக்கில் ஏறிக் கண்ணைக் கரித்தது. இத்தனை நாள் உறுமிக்கொண்டிருந்த ஃப்ரீசர் அந்த நேரம் பார்த்து நின்றது. லேபே கப்சிப். எண்ணிப் பத்து எண்ணலாம். பிறகு தானாக ஓட ஆரம்பித்தது.

வீட்டுக்குப் போகும்போது வாசலிலேயே அக்கா புருஷன் நின்றிருந்தான். அவன் முகமெல்லாம் கண்ணீர். ஆனால் அவன் அழுதது சந்தோஷத்தில். காய்ச்சல் விட்டுவிட்டது. குடம் குடமாய் வேர்த்துக் கொட்டி, எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்று கேட்டிருக்கிறாள். இரண்டு தட்டு சாப்பிட்டாளாம்.

பெரிய டாக்டர் குதித்தார். குழாய் கை நழுவி உடைந்துவிட்டது என்று சின்னவள் சாதித்தாள். வேலை போனாலும் போகட்டும் என்ற துணிச்சல். போகவில்லை. பதினைந்து நாளில் பெரியவள் நடமாடினாள். கன்னத்தில் சதை பிடித்தது. மெக்கானிக் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பொண்ணு பிழைச்சிட்டா என்று கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். அவன் வாங்கிக் கொடுத்தான் என்றால் எவ்வளவு சந்தோஷம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சி விதிப்படி இன்னும் ஒரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும். சின்னவள் பெட்டியோடு வந்தாள். பெரியவள் கேலி எதுவும் பேசவில்லை. சிரித்த முகமாய்க் கையை நீட்டினாள். சின்னவளே ஊசி போட்டு, சின்னவளே சீட்டு ஒட்டி, சின்னவளே கொண்டுபோய் மெஷினில் ஏற்றினாள். நடுவில் யார் கையும் படவில்லை.

மூன்றாம் நாள் மதியம் சின்னவள் அக்கா வீட்டில் இருந்தாள். அக்கா புருஷன் வேலைக்குப் போயிருந்தான். அப்போது போன் வந்தது. கம்ப்யூட்டர் பையன்.

"மேடம், எல்லாம் அடங்கியாச்சு. நோயே இல்ல. ஆனா நீங்க குழாயை மாத்திட்டீங்க."

மாற்றவில்லை என்றாள்.

"மாத்திட்டீங்க மேடம். இது நூத்திப் பன்னண்டு இல்ல. மூணு தடவை ஒத்துப் பாத்துட்டேன். இது ஒண்ணாம் நம்பர்." "மூணு குழாயும்தான் காலியாயிருச்சே... இதை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

சின்னவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு மெல்லத் திரும்பினாள்.

வெளியே அனல். ஃபேன் அணைத்திருந்தது. ஜன்னல் வழியாக விழுகிற வெயிலில் நாற்காலியை இழுத்துப் போட்டு, கழுத்து வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பெரியவள். கண்ணை மூடியிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"எத்தனை வருஷக் குளிருடி..." என்றாள். "இப்பத்தான் விட்டிருக்கு."