ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

இல்லைங்க தோன் ரெமிஹியோ, உங்களுக்கு எத்தனை புள்ளைங்கன்னு நான் கேக்கல. எங்க வலிக்குதுன்னு ஐமாரா பாஷைல கேட்டேன். அதுக்கு நீங்க, கல்யாணம் ஆயிடுச்சு, ரெண்டு பொண்ணுங்கன்னு பதில் சொல்றீங்க. கல்யாணம் ஆனவங்களுக்கு வலி அங்கதான்னு வச்சுக்கிட்டாலும் மார்க் போட முடியாதே.

சிரிங்க, பரவால்ல. மனப்பாடம் பண்ணிட்டுத்தானே வந்தீங்க? எனக்குத் தெரியாதா. எல் ஆல்ட்டோ ஊர் முழுக்க அதே கேள்வி பதில் புத்தகத்தைத்தான் விக்கிறாங்க. நேத்து தேர்வுக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார், அவருக்கும் ரெண்டு பொண்ணு. வரி ஆபீஸ்லேர்ந்து ஒரு பையன், மீசை கூட சரியா முளைக்கல, அவனுக்கும் ரெண்டு பொண்ணு. சர்க்கார் ஆளுங்க எல்லாரும் சேர்ந்து ஒரே குடும்பத்தை நடத்துறீங்க போல. மத்த வாத்தியாருங்க புத்தகத்துல இருக்கிற வரிசைப்படியே கேட்டுட்டு விட்டுடுவாங்க. நான் கலைச்சுப் போட்டுக் கேப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

தண்ணி குடிங்க. தெரியும், தெரியும். ஐமாரா பேசத் தெரியும்னு இந்தச் சான்றிதழ் இல்லைன்னா சர்க்கார் வேலை இல்லைன்னு உங்க மேலதிகாரி சொல்லிட்டார். பென்ஷன் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. பாவம்னு சொல்ல வாய் வருது, மனசுதான் வர மாட்டேங்குது.

சரி, அந்தப் புத்தகத்தை மறந்துடுங்க. செய்முறைக்கு வருவோம். நீங்க நீங்களேதான், ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்கிற ஜன்னல்ல உக்காந்திருக்கீங்க. நான் ஏரிக்கரைக் கிராமத்துலேர்ந்து லாரி ஏறி வந்தவ. ஐமாரா தவிர ஒண்ணும் தெரியாது. முதுகுல துணி கட்டி அதுல புள்ளை. சரியா? கமிசாகி, ஐயா.

என்ன முழிக்கிறீங்க? கமிசாகின்னு நலம் கேட்டா, வலிகி, நல்லாருக்கேன்னு பதில் சொல்லணும். வாசல்ல சூடா ஆப்பிக் கஞ்சி விக்கிற அம்மா கூட முதல்ல வணக்கம் சொல்லிட்டுத்தான் டம்ளரை நீட்டும். காலைல அதுகிட்ட வாங்கிக் குடிச்சீங்களே, பாத்தேன். அது வச்ச வணக்கத்தை வாங்காம, சீக்கிரம் ஊத்துன்னீங்க. வணக்கத்துக்குப் பதில் சொல்லாதவனை எங்க ஊர்ல மனுஷக் கணக்குல சேக்க மாட்டாங்க. போகட்டும், அதுக்கு மார்க் கிடையாது.

இப்ப கேளுங்க. புள்ளை உடம்பு கொதிக்குது, கண்ணு மேல சொருகுதுன்னு சொல்றேன். நீங்க என்ன சொல்லணும்?

மதிய வணக்கமா? அட கடவுளே.

அம்மா, புள்ளையத் தூக்கிட்டு நேரா உள்ள போங்க, டோக்கன் அப்புறம் பாத்துக்கலாம். இதான் பதில். இந்த ஒத்தை வாக்கியத்துக்குத்தான் நான் முழு மார்க்கும் வச்சிருக்கேன். இல்லைங்க, பாடத்திட்டத்துல இல்ல. நானா வச்சது. இந்தக் கேள்வி கூட கற்பனை இல்ல, நடந்ததுதான்.

அப்படி ஒரு அம்மா வந்தாங்க. முதுகுல ஆம்பளைப் புள்ளை, பாவாடையைப் புடிச்சிக்கிட்டு ஒரு பொண்ணு. வரிசைல நின்னு ஜன்னல்கிட்ட வந்து புள்ளையைக் காட்டினாங்க. ஜன்னல்ல இருந்த ஆளு தலையைத் தூக்காமலே ஸ்பானிஷ்ல என்னமோ சொன்னார். அந்தம்மா தலையாட்டினாங்க. எங்க ஆளுங்க அப்படித்தான். ஆபீஸர் சொன்னது புரியலைன்னாலும் தலையாட்டுவோம். திருப்பிக் கேட்டா மரியாதைக் குறைச்சல்னு நினைப்போம். அந்த ஆளு மோவாயால வெளிக்கதவைக் காட்டினார். கதவுகிட்ட ஒரு பெஞ்சு இருந்துச்சு. அங்க உக்காரச் சொல்றார்னு அந்தம்மா போய் உக்காந்துட்டாங்க.

உக்காந்தாங்க, உக்காந்தாங்க, உக்காந்துக்கிட்டே இருந்தாங்க. ஜன்னல்ல இருந்த ஆளு தின்ன, கறி அடைச்ச சால்தேஞா வரவழைச்சார். சாறு சட்டைல சிந்தாம எவ்வளவு பதமா கடிச்சார் தெரியுமா? அந்தப் பொண்ணு கண்ணெடுக்காம பாத்துச்சு. பசி. மத்தியானத்துக்கு மேல முதுகுல முனகல் நின்னுச்சு. தூங்கிட்டான், காய்ச்சல் விட்டுடுச்சுன்னு அந்தம்மாவுக்குச் சந்தோஷம். நல்ல வேளை, உடம்பு குளுந்துடுச்சும்மான்னு மகள்கிட்ட சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு உள்ளதான் இருந்தாங்க. டாக்டர் ரூம் நாலு எட்டுல.

இல்லைங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். தினம் எத்தனை முகத்தைப் பாக்குறீங்க. ஆனா பச்சைக் கம்பி போட்ட அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிக்கிறவங்களுக்கு ஒரே முகம்தானே தெரியும்.

சரி, நேரமாச்சு. உங்க முடிவைச் சொல்லிடுறேன். ஒரு தடவைதான் சொல்லுவேன், ஐமாரால. நல்லா காதைக் குடுங்க.

ம். சொல்லிட்டேன். புரிஞ்சுதா?

தலையாட்டுறீங்களே! என்ன புரிஞ்சுது? பாஸா, பெயிலா? அடுத்து எந்தக் கதவுக்குப் போகணும், யாரைப் பாக்கணும், மேல்முறையீடு போட இன்னிக்கு எத்தனை மணி வரைக்கும் நேரம் இருக்கு, அத்தனையும் சொல்லியிருக்கேன். இல்லைங்க, ஸ்பானிஷ்ல சொல்ல மாட்டேன். இது ஐமாராத் தேர்வு. கத்தாதீங்க. அந்தம்மா கத்தவே இல்லை.

அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு வேணா ஸ்பானிஷ்ல சொல்றேன். டோக்கன் தீர்ந்துடுச்சு, வெளிய போ. இதேதான், ஒரு எழுத்து மாறாது. நான் கத்துக்கிட்ட முதல் ஸ்பானிஷ் வார்த்தை உங்க வாயிலேர்ந்து வந்ததுதான் தோன் ரெமிஹியோ. அர்த்தம் தெரியாம வெறும் சத்தமா மனசுல வச்சிருந்தேன். பள்ளிக்கூடத்துல சேர்ந்து அது என்னன்னு புரிஞ்சப்ப, என் தம்பியைப் புதைச்ச இடத்துல புல்லு மொளைச்சிருந்துச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன், படிச்சா ஐமாரா வாத்தியாருக்குத்தான் படிக்கணும்னு. என்னைக்காவது இந்த மேஜைக்கு நீங்க வந்துதானே ஆகணும்.

ஏன் நிக்கிறீங்க? கதவுகிட்ட பெஞ்சு இருக்கு, போய் உக்காருங்க.

அடுத்தது யாருங்க? வாங்க. கமிசாகி.