வெள்ளைப் பட்டை ஒட்டிய பேட்டரி

என் வீட்டில் எதுவும் சார்ஜ் இல்லாமல் கிடக்காது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், கண்ணு. காக்கிச் சட்டை போட்டிருந்தாலும் நீங்கள் என் மகள் வயசுதான். நிதானமாகவே எழுதுங்கள்.

முதல் வருஷம் நடந்தது மட்டும் நிஜமான மறதி. மிக்ஸி போட என் வீட்டுக்காரருடைய கேமரா சார்ஜரைப் பிடுங்கினேன், திரும்ப மாட்டவில்லை. அன்றைக்குப் பார்த்து ஏரியில் அவர் படமெடுக்கக் காத்துக்கிடந்த பறவை இறங்கியிருக்கிறது. கைப்பிடி அளவு உடம்பு, கழுத்தில் துரு நிற வளையம். வருஷத்துக்கு ஒரு வாரம்தான் இந்தப் பக்கம் தலைகாட்டும். அது அவரையே பார்த்துக்கொண்டு நின்றதாம். கேமரா கண்ணைத் திறக்கவில்லை.

திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சமையலறைக்கு வந்து வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எட்டிப் பிடிக்கிற தூரம்டி. ஒரே ஒரு கிளிக்..."

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். 'சோறு போடு', 'கதவைச் சாத்து' என்பதைத் தாண்டி அவர் என்னிடம் பேசியதில்லை. அன்று இரண்டு மணி நேரம் பேசினார். என் தோளில் சாய்ந்து அழுதார். வெங்காயம் நறுக்கிய கையோடு முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்த மனுஷனுக்குள் அவ்வளவு வார்த்தை இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

அடுத்த வருஷம் நான் மறக்கவில்லை. நல்ல பேட்டரியில் அடையாளத்துக்கு வெள்ளைப் பட்டை ஒட்டியிருப்பார். பழையது, நிறைந்திருப்பதுபோல் காட்டி நாலு படத்தில் படுத்துவிடும். பட்டையை உரித்துப் பழையதில் ஒட்டினேன். அவ்வளவுதான். அதற்கடுத்த வருஷம், அவர் கிளம்பும்வரை கேமராவை ஏசி அறையில் வைத்தேன். வெளிக்காற்று பட்டதும் கண்ணாடியெல்லாம் ஆவி பூத்துவிட்டது. துடைத்து நிமிர்வதற்குள் பறவை இல்லை.

எதிர்வீட்டுக் கம்பவுண்டர் அவருக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்.

"என்ன ஜஸ்ட்மிஸ் அண்ணே, இந்தத் தடவை அது உங்களைப் போட்டோ எடுத்துச்சா?"

ஊர் சிரித்தால் அவர் எங்கே போவார்? என்னிடம்தான் வருவார். வருஷத்தில் ஒரு சாயங்காலம். அது பேராசையா, சொல்லுங்கள்.

இந்த வருஷம் கேமராப் பையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அந்தப் படம் கையில இருந்தா, பறவைங்களைப் படமெடுக்க மலைக்குப் போற குரூப்ல என்னையும் சேத்துக்குறாங்களாம்டி. ஆறு மாசம்!" என்றார். நீயும் வா என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

அவர் குளிக்கப் போனபோது மேசையில் பூட்டாமல் கிடந்தது இன்ஹேலர் மட்டும்தான். அவருக்கு இளைப்பு உண்டு, காலைக் குளிர் ஒத்துக்கொள்ளாது. ஜன்னலுக்கு வெளியே நீட்டி, மிச்ச மருந்தைக் காட்டும் எண் சைபருக்கு வரும்வரை அழுத்தினேன். கட்டைவிரல் மரத்துப்போயிற்று. மூச்சு இழுக்கும், அழுத்திப் பார்ப்பார், காலியென்று தெரிந்ததும் பாதியில் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். நான் நினைத்தது அதுதான்.

அவர் திரும்பவில்லை. பறவை வந்திருக்கிறது. மூச்சுத் திணறத் திணற அங்கேயே உட்கார்ந்து எடுத்திருக்கிறார். அந்தப் படத்தை நீங்கள்தானே காட்டினீர்கள்? வளையம்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. ஐந்து நிமிஷ நடை. வீட்டுக்கு வழி தெரியாதவரா அவர்?

வேறு இன்ஹேலர் இல்லையா என்று கேட்டீர்கள். இருந்தது. புதுசு. அவர் வந்ததும் என் கையால் கொடுக்கலாமென்று காலையிலிருந்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். கம்பவுண்டர்தான் ஓடிவந்தார்.

"அக்கா, அண்ணன் கரையில விழுந்து கிடக்குறாரு. வேற பம்ப் இருக்கா?"

"இருக்கு. இங்க கூட்டிட்டு வாங்க, நானே குடுக்குறேன்."

"அவரு நடக்குற நெலமையிலயாக்கா இருக்காரு? குடுங்கக்கா!"

நான் மாட்டேன் என்று சொல்லவே இல்லை, கண்ணு. கதவைச் சாத்திக்கொண்டேன். எப்படியும் இன்றைக்கு வந்து உட்காருவார் என்று சமையலறைத் தரையைத் துடைக்க ஆரம்பித்தேன்.