மழைக்கஞ்சி குடித்துப் போன ஏழு பேர்

பெயர் பூமயில், வயது 38, கணவர் பெயர் செல்லச்சாமி, கடலாடிப் பக்கம் ஆலங்கண்மாய் கிராமம், தொழில் விவசாயம். முதலில் கூலி என்று எழுதியிருந்ததை, நான் கேட்டுக்கொண்டதன் பேரில் ஏட்டையா அடித்துவிட்டு மாற்றி எழுதினார். 2003-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி காலை, காவல் நிலையத்தில் விசாரித்தபோது நான் சொன்னதாவது:

என்னையும் எங்கள் ஊர்ப் பெண்கள் ஆறு பேரையும் உப்பளத்துக்கு ஆள் பிடிப்பவர் யாரோ கடத்திவிட்டதாக என் வீட்டுக்காரர் புகார் கொடுத்திருப்பதாக அறிகிறேன். எங்களை யாரும் கடத்தவில்லை. கடத்திக்கொண்டு போகிற அழகிலும் நாங்கள் இல்லை. நாங்களாகத்தான் நடந்து போனோம்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். நான் வாக்கப்பட்டு வந்த புதிதில், ஆவணியில் நெல்லைப் புழுதியில் விதைத்துவிட்டால் புரட்டாசி பாதியில் மழை வந்து எழுப்பிவிடும். இப்போது மழைக்கு மாதம் தெரியவில்லை. வந்தால் ஒரே நாளில் கொட்டி விதையை வாரிக்கொண்டு போகிறது, இல்லையென்றால் வருவதே இல்லை. மூன்று வருடமாக விளைச்சல் கிடையாது. ஆண்களில் பாதிப்பேர் கரி சுடுகிற மூட்ட வேலைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள், நிலத்தை நாங்கள்தான் பார்க்கிறோம். இந்த வருடம் விதைத்தது இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது. எறும்பு தின்றது போக எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. வீட்டில் வேறு விதை இல்லை.

மழை பொய்த்த வருடம் எங்கள் ஊரில் மழைக்கஞ்சி எடுப்போம். வீட்டுக்கு ஓர் அகப்பை உப்பில்லாத கஞ்சி வாங்கி, ஒரே பானையில் ஊற்றி, வறண்ட கண்மாய்க்குள் உட்கார்ந்து குடிப்போம். அதன் பிறகு காலிப் பானையைக் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு, "பொழைக்க வழியில்ல, பரதேசம் போறோம்" என்று அழுதபடி கிளம்புவோம். எல்லைக்கல்லைத் தாண்டுகையில் கரையில் நிற்கும் ஓர் ஆண், "மழை எறங்கிருச்சு, திரும்புங்க தாயே" என்று கூப்பிட வேண்டும். கூப்பிடுவதற்கு முன் ஒருத்தி திரும்பிப் பார்த்தாலும் மழையும் திரும்பிப் போய்விடும் என்பது நம்பிக்கை. மூன்று வருடமாகக் கூப்பிடுகிற பொறுப்பு என் வீட்டுக்காரருடையது.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பினோம். கல்லைத் தாண்டினோம். சத்தம் வரவில்லை. இன்னும் பத்தடி போனால் கூப்பிடுவார் என்று நினைத்தோம். அதன் பிறகு அந்தப் பனை வரைக்கும் போவோம் என்றாள் ராக்கு. அதன் பிறகு அடுத்த பனை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரத்தில் அழுகை தானாக நின்றுவிட்டது. வெயிலில் தரை தண்ணீர் போல ஆடிக்கொண்டே எங்களுக்கு முன்னால் நகர்ந்து போனது. கால் வலிக்கவில்லை. தன் வயலில் பயிர் அசைகிற சத்தம் கேட்கிறது என்றாள் பஞ்சம்மாள். எனக்கும் கேட்டது. தூக்கத்தில் நடப்பது போலத்தான் நடந்தோம். அது சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

பொழுது சாயும்போது ஏர்வாடி வந்தது. நோன்பு மாதம். ரம்ஜான் பீவி என்கிற அம்மா எங்கள் பானையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஆளுக்கொரு கிண்ணம் நோன்புக் கஞ்சி ஊற்றினார். அதில் உப்பு இருந்தது. குடித்த பிறகுதான், "எங்கனம்மா போறீக?" என்று கேட்டார். அதன் பிறகு படுக்க இடம் கொடுத்து, மறுநாள் தெரிந்த உப்பளத்தில் சேர்த்துவிட்டார். ஐப்பசியில் உப்பளம் ஓய்ந்திருக்க வேண்டும். மழை இல்லாததால் இன்னும் உப்பு வாருகிறார்கள்.

உப்பளத்தைப் பார்த்ததும் ஏழு பேரும் நின்றுவிட்டோம். வயல் போலவே வரப்பு, மடை, பாத்தி நிறையத் தண்ணீர், தண்ணீருக்குள் வானம். நான் இறங்கி நின்று என் வயல் எது என்று தேடினேன். கங்காணி சிரித்தார். அங்கே மழை என்ற சொல்லை எடுக்கக் கூடாது, உப்பு கரைந்துவிடுமாம். ஐந்து நாளும் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தோம்.

நேற்று காவலர்கள் வந்து சொன்னதன் பேரில் இன்று நான் மட்டும் நிலையத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் இருந்தார். கள் குடித்துவிட்டுத் தூங்கியிருப்பார் என்றுதான் இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தேன். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"மூணு வருசமா மழை எறங்கிருச்சுன்னு பொய் சொல்லியே கூப்புட்டேன். நீங்களும் நம்பித் திரும்புனீக. இந்தத் தடவ வாய் வரல புள்ள" என்றார். கோபம் வரும் என்று நினைத்தேன், அழுகைதான் வந்தது.

இன்ஸ்பெக்டர் ஐயா, "இப்பவாச்சும் கூப்புடுய்யா, கேஸ முடிப்போம்" என்றார். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "மழை இல்ல. இருந்தாலும் வா" என்றார்.

கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் பேசியதில் எனக்குப் பிடித்த பேச்சு இதுதான். ஆனாலும் நான் தனியாகப் போக மாட்டேன். போனது ஏழு பேர். அவர் உப்பளத்துக்கு வந்து வரப்பில் நின்று ஏழு பேரையும் கூப்பிட வேண்டும், இல்லாததை இல்லை என்று சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றேன். கங்காணி கத்தினால் கத்தட்டும். என் வீட்டுக்காரர் சம்மதித்தார். இதை எழுதும்போது வெளியே வேப்பமரத்தடியில் நின்று, "மழை இல்ல, இருந்தாலும் வாங்க தாயே" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஏட்டையா வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ இல்லை. என் வீட்டுக்காரருக்கு மனசு மாறுவதற்குள் கிளம்ப வேண்டியிருப்பதால் உடனே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) பூமயில்

என் முன்பாக: அலியார், தலைமைக் காவலர்