செத்துப்போன பொம்மை

போடியிலிருந்து குரங்கணி போகும் பஸ்சில் எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மாவும் மகளும் இருந்தார்கள். டாக்டருக்குப் படிக்கப் போன மகள் முதல் லீவுக்கு ஊர் திரும்புகிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"பொம்மை செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன்மா."

"எந்தப் பொம்மைடி?"

"முதலுதவி வகுப்புல தரையில படுக்கப் போட்டிருப்பாங்க. மயங்கிக் கெடக்குற ஆளுன்னு நெனச்சுக்கிட்டு, ஆம்புலன்சுக்குப் போனப் போட்டுட்டு நெஞ்ச அமுக்கணும். எங்க மலையில டவரே கெடையாது சார்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"சார் என்ன சொன்னாரு?"

"டவர் இருக்குன்னு வச்சுக்கோம்மான்னாரு. வச்சுக்கிட முடியாது சார், நாங்க போர்வையில டோலி கட்டித்தான் ஆளத் தூக்கிட்டு எறங்குவோம், அப்ப நெஞ்ச எப்படி அமுக்குறதுன்னு சொல்லிக் குடுங்கன்னேன். அது பாடத்துல இல்லைன்னாரு. அப்பன்னா இந்தப் பொம்மை செத்துப்போச்சு சார்னு எந்திரிச்சிட்டேன்."

"வாத்தியாரையா எதுத்துப் பேசுன? மார்க்குல கைய வச்சிருவாருடி. வாய மூடிக்கிட்டுப் படிச்சிட்டு வா ஆத்தா."

"அப்பாவ டோலியில தூக்கிட்டு எறங்குனப்ப வழியிலயே மூச்சு நின்னுச்சு. அப்பவும் வாய மூடிக்கிட்டுத்தானம்மா வந்தோம்."

அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் முந்தல் தாண்டியதும் மகள் பக்கம் திரும்பினாள்.

"என்னைக்குத் திரும்பப் போற?"

"திங்கக்கெழம."

"போனதும் அந்தச் சார்ட்ட மறுபடியும் கேளு. தெரியாதுன்னாருன்னா இங்க கூட்டிட்டு வா. பொம்மையெல்லாம் வேணாம். டோலியில அவரையே படுக்க வச்சுத் தூக்கிட்டு எறங்குவோம்."