அயர்லாந்தில் கோட்டா கிடையாது

சென்ற செவ்வாய், காலை 7.10, விழுப்புரம்–திண்டிவனம் பேருந்து. முன் இருக்கையில் ஹாக்கி மட்டையோடு ஒரு பெண். பக்கத்தில் அவள் சித்தப்பா. அவள் கையில், அவர் கையெழுத்துப் போட வேண்டிய தேர்வுப் போட்டி அனுமதிப் படிவம். அவள் போனில் ஒரு ஹாக்கி வீராங்கனையின் படத்தைக் காட்டினாள்.

“இவங்க அயர்லாந்துக்காக உலகக் கோப்பை ஆடினாங்க சித்தப்பா. ஆஸ்பத்திரியில வேலையும் பாத்துக்கினே ஆடினாங்க.”

“நாட்டுக்கே ஆடியும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு கவர்மெண்ட் வேலை தரலியா? என்னா ஊரு அது?”

“அங்க கோட்டாவே கிடையாதாம்.”

“அப்புறம் எதுக்கு ஆடுனாளாம்? வேலையத்தவ.”

“நீங்க கபடி கோட்டாவுல வேலை கிடைச்ச மறுநாளே ஆட்டத்தை விட்டுட்டீங்க. அவங்க டெய்லி வேலையை முடிச்சிட்டு ஆடப் போனாங்க.”

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அவர் படிவத்தை வாங்கி மடியில் விரித்தார்.

“பேனா குடு. ஆடி முடிச்சிட்டு அந்த ஊருக்கே போய்ச் சேரு.”