பாய் வேண்டாம்

எலிசபெத்: கத்தாதிய மைனி! கடை வாசல்ல நின்னுக்கிட்டு ‘இது அல்வாவா, கோந்தா’ன்னு கேட்டது நீங்கதான? வரிசையில நின்ன அம்புட்டு பேரும் திரும்பிப் பாத்தாச்சு!

கரோலின்: கேட்டா என்ன? ஒரு மணி நேரம் வெயில்ல நிக்க வச்சு, இலைத் துண்டுல ஒரு உருண்டை. எண்ணெய் முழங்கை வரைக்கும் வழியுது. இதுக்குத்தான் மெட்ராஸ்ல இருந்து வரச் சொன்னியா?

எலிசபெத்: எண்ணெய் இல்ல, நெய்! முப்பது வருஷத்துல மெட்ராஸ் உங்க மூக்கையும் கெடுத்துட்டு. பொறந்தது என்னமோ பாளையங்கோட்டை தெக்கு பஜார்...

பீர் மைதீன்: ரெண்டு பேரும் ஏறுங்க. காரு கதவத் தொறந்து வச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஏசி பூரா ரோட்டுக்குப் போவுது.

கரோலின்: அடுத்து எங்க, பாய்?

பீர் மைதீன்: பாபநாசம். ஈரடுக்குப் பாலம் காட்டியாச்சு, ஆத்தக் காட்டியாச்சு...

கரோலின்: பாலத்து மேல ஒரு பாலம். ரெண்டுலயும் ஹாரன். இதுக்கு நான் போட்டோ வேற எடுக்கணுமாம்!

எலிசபெத்: உங்க ஊருல மூக்கப் பொத்தாம ஆத்தங்கரையில நிக்க முடியுமா?

கரோலின்: அந்த ஊருக்குத்தான் உன் பொண்ணு வரணும். நல்லா யோசிச்சுக்க. உங்க அண்ணன் கண்ண மூடும்போது சொன்னாரு, என் பையன் ஷிபினுக்கு உன் பெர்லினத்தான் கட்டணும்னு. நாம ரெண்டு பேரும் தலையாட்டுனோம். எனக்கு ஒன்னும் தடையில்ல. உனக்குப் பிடிக்கலன்னா இப்பவே சொல்லிடு.

எலிசபெத்: நான் எதுக்குச் சொல்லணும்? வேதநாயகம் அண்ணன் பேச்ச நான் தட்டவா? உங்களுக்கு வேண்டாம்னா நீங்க சொல்லுங்க.

கரோலின்: நான் சொல்லி, சபை பூரா என்னை வையணுமா?

எலிசபெத்: அப்ப என்னைய வையலாமாக்கும்!

பீர் மைதீன்: யாரும் ஒன்னும் சொல்ல வேண்டாம். பெல்ட்ட மட்டும் போடுங்க.

கரோலின்: நேத்து உன் வீட்டுல சொதின்னு ஒன்னு ஊத்துனியே... தேங்காப்பால்ல காய்கறி நீச்சலடிக்குது.

எலிசபெத்: மூணு தடவ வாங்கி ஊத்துனிய!

கரோலின்: மரியாதைக்கு.

எலிசபெத்: சட்டிய வழிச்சதும் மரியாதைக்குத்தானா? ஆனா ஒன்னு மைனி... பெர்லினுக்குச் சொதி இல்ல, வெந்நி வைக்கக்கூடத் தெரியாது. வச்சா அடிப்பிடிச்சிரும்.

கரோலின்: என் பையன் மட்டும் என்னவாம்? ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குத்தான் எந்திரிப்பான். பைபிளத் தொட்டு எத்தனை வருஷமோ.

எலிசபெத்: பெர்லின் வாயி இருக்கே... மாமியாருன்னு பாக்க மாட்டா.

கரோலின்: ஷிபினுக்குக் கோவம் வந்தா தட்டு பறக்கும்.

பீர் மைதீன்: பெத்த பிள்ளைகளப் புகழ்ந்து பேசித்தான் நான் கேட்டிருக்கேன்... ம். பத்தமடை வந்துட்டு. நம்ம வீட்டுல ஒரு எட்டு நிறுத்துதேன். எங்க வீட்டுக்காரி நெய்யுத பாயப் பாக்காம...

கரோலின்: பாய், பாய் வேண்டாம்!

எலிசபெத்: ஆமா அண்ணாச்சி, பாய் வேண்டாம்!

பீர் மைதீன்: எந்தப் பாய்? ஓட்டுத பாயா, நெய்யுத பாயா? காலையில இருந்து இப்பத்தான் ரெண்டு பேரும் ஒரே வார்த்த பேசுதிய.

கரோலின்: என் வீட்டுல கட்டில் மெத்தை இருக்கு. கோரையில யாரு படுப்பா?

எலிசபெத்: நான் பாக்காத பத்தமடைப் பாயா? கல்யாணத்துக்கு மாப்பிள்ள பேரு, பொண்ணு பேரு போட்டு நெய்வாவ... அதுல பாக்க என்ன இருக்கு?

பீர் மைதீன்: சரி, இறங்காதிய. ஷரீபா! அந்த ரெண்டு பாயையும் சுருட்டி, துணி சுத்திக் கொண்டா... இந்தாங்கம்மா, இது உங்களுக்கு. அக்கா, இது உங்களுக்கு.

கரோலின்: இது... பக்கத்து ஃப்ளாட்டுல ஒருத்தங்க வாங்கிட்டு வரச் சொன்னது.

எலிசபெத்: எனக்கும்... ஸ்கூல்ல ஒரு டீச்சர் சொல்லி விட்டது.

பீர் மைதீன்: பிரிச்சுக் காட்டவா?

கரோலின்: வேண்டாம்!

எலிசபெத்: வேண்டவே வேண்டாம்!

*

பீர் மைதீன்: வாங்கம்மா, வாங்க! ஒரு வருஷம் ஆச்சே உங்கள ஜங்ஷன்ல ஏத்தி. அக்கா வண்டியிலதான் இருக்காவ. மகன் சௌக்கியமா?

கரோலின்: டொரண்டோவுல இருக்கான். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்ட கையோட ரெண்டு பேரும் போயிட்டாங்க.

எலிசபெத்: மருமக பேரு விஜயஸ்ரீ. நீங்க சொல்லித்தான் தெரியணுமா? அன்னைக்கு வீட்டுக்குப் போயி பாயப் பிரிக்கேன்... ‘ஷிபின் – விஜயஸ்ரீ’ன்னு இருக்கு!

கரோலின்: நான் மட்டும்? கோவில்பட்டி தாண்டுறதுக்குள்ள பெர்த்துல விரிச்சேன். ‘எபி – பெர்லின்’. யாருடி இந்த எபின்னு சென்னை வரைக்கும் மண்டையப் பிச்சுக்கிட்டேன்.

எலிசபெத்: ஆழ்வார்குறிச்சி வாத்தியார் மகன். இப்ப ரெண்டும் மஸ்கட்ல.

கரோலின்: அப்பவே போன் பண்ணியிருக்கலாமே?

எலிசபெத்: நீங்க பண்ணலாமே! யாரு முதல்ல சொல்லுவான்னு ரெண்டு மாசம் உக்காந்துட்டு, ரெண்டு பத்திரிகையும் ஒரே வாரத்துல தபால்ல வருது.

கரோலின்: சரி, இந்தா உன் பாய். என்னுதக் குடு. எல்லாம் இவரு பண்ண கூத்து. பேரு பளிச்சுன்னு தமிழ்லதான போட்டிருக்கு? மாத்திக் குடுத்தீங்களே பாய், படிக்கத் தெரியாதா?

பீர் மைதீன்: நல்லாவே படிக்கத் தெரியும்மா. ஒருத்தருக்கொருத்தர் தெரியக் கூடாதுன்னு தனித்தனியா போன் போட்டு, என் வீட்டுக்காரிகிட்ட பேரு சொன்னிய. வண்டியில பெத்த பிள்ளைகள வஞ்சிய, அல்வாவ வஞ்சிய, ஆத்த வஞ்சிய. ‘இந்தச் சம்பந்தம் வேண்டாம்’னு ஒரு வார்த்த மட்டும் ரெண்டு பேரு வாயிலயும் வரல. அதான்... பாயவே சொல்ல வச்சேன்.