ஏணியில் தட்டிய கரண்டி

ஜெலட்டினைக் கொதிக்கிற நீரில் கரைத்தால்தான், நீரில் ஆடும்போது முடி கலையாதபடி தலையில் ஒழுங்காகப் பிடிக்கும். வெதுவெதுப்பான நீரென்றால் கட்டி கட்டியாக நிற்கும், குளத்தில் இறங்கியதும் வழிந்து போய்விடும். அன்று கடைசி ஒத்திகை. தங்கையின் கொண்டைமேல் நான்தான் பிரஷ்ஷால் பூசிவிட்டேன்.

"அக்கா, காது வேகுது."

"அழகா தெரியணும்னா கொஞ்சம் வெந்துதான் ஆகணும். ஆடாம இரு."

இருவரும் சிரித்தோம். எங்களுக்குள் சண்டை என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள், ஐயா.

நாங்கள் ஜோடி. இசைக்கேற்ப இரண்டு பேர் நீரில் ஒரே உடம்புபோல ஆட வேண்டும். ஒருத்தியின் கால் மற்றவளைவிட ஒரு விரற்கடை உயர்ந்தாலும் மதிப்பெண் போச்சு. பள்ளிக்கூட நாளிலிருந்தே எங்கள் கால்கள் சமமாகத்தான் எழுந்தன. கோப்பையோடு நிற்கும் படங்களில் எது நான், எது அவள் என்று அம்மாவே தடுமாறுவாள். அந்தச் சமம் என் உழைப்பு என்று நினைத்திருந்தேன்.

அன்று நீரில் இறங்கும்முன், எங்களுக்குப் பயிற்சி தரும் மாஸ்டர்தான் அதைக் கெடுத்தார். தேசியப் போட்டிக்குத் தங்கை மட்டும் தனியாகப் போவாள் என்றார்.

"ஏன் மாஸ்டர், என் கால்ல என்ன குறை?"

"உன் கால்ல ஒண்ணும் இல்லம்மா. அவதான் இத்தனை வருஷமா உனக்காக இறக்கிப் பிடிச்சிட்டிருக்கா. உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

தங்கை தன் மூக்குக் கிளிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"நீயே தட்டுக்கா," என்றாள் பிறகு, சமாதானம் பண்ணுகிறவளாக. "மாஸ்டர் தட்டினா சமையக்கட்டுல பாத்திரம் உருளுற மாதிரி இருக்கு."

நீருக்கடியில் பேச்சு கேட்காது. அதனால் ஒருவர் கரையில் உட்கார்ந்து, குளத்து இரும்பு ஏணியில் கரண்டியால் தாளம் தட்டுவோம். தட்டல் நிற்கும்வரை அடியில் இருப்பவள் மேலே வரக்கூடாது. மூச்சு அப்படித்தான் பழகும். எப்போது நிறுத்துவது என்பது தட்டுகிறவள் பொறுப்பு.

மாஸ்டர் போன் பேச வெளியே போயிருந்தார். நான் தட்டினேன். அவள் அடியில் ஆடினாள். வழக்கமாக நிறுத்தும் இடம் வந்தது. நான் நிறுத்தவில்லை. அவள் ஏணியருகே வந்து, கீழ்ப்படியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து என்னைப் பார்த்தாள். தட்டிக்கொண்டே இருந்தேன். கையை விட்டுவிட்டு மறுபடி நடுவுக்குப் போனாள்.

அவளை யாரும் அமுக்கவில்லை. அவள் விரலைக்கூட நான் தொடவில்லை. இதைப் படித்துப் படித்துச் சொல்கிறேன், நீங்கள்தான் காதில் வாங்கவில்லை.

பிறகு கால்கள் நின்றன. உடம்பு மெல்லச் சாய்ந்து தரையில் பட்டது. போட்டியில் குளத்தின் தரையைத் தொட்டால் மதிப்பெண் குறைப்பார்கள். எனக்கு அதுதான் முதலில் தோன்றியது.

பம்ப் அறையிலிருந்த துப்புரவுக்காரர் உங்களிடம் என்ன சொன்னார்? "தட்டுற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சுங்க, அதான் எல்லாம் நல்லா நடக்குதுன்னு இருந்துட்டேன்." உண்மை. ரொம்ப நேரமாகிறதே என்று எட்டிப் பார்த்தவர் போட்ட துணியோடு குதித்தார். தூக்கிக் கிடத்தியபோது அவள் தலையில் ஒரு முடிகூடக் கலைந்திருக்கவில்லை. நன்றாகவே பூசியிருக்கிறேன்.

அப்போதும் தட்டினேனா என்கிறீர்கள். தட்டினேன். அவர் வந்து கரண்டியைப் பிடுங்கும்வரை.

அழுகை வரவில்லையே என்று பார்க்கிறீர்கள். எனக்காகக் காலை இறக்கிப் பிடிக்கச் சொல்லி நான் அவளைக் கேட்டேனா? பக்கத்தில் நின்று கோப்பையைத் தூக்கிச் சிரித்த ஒவ்வொரு தடவையும் எனக்குப் பிச்சை போட்டிருக்கிறாள். அன்றுதான் முதல்முறையாக, தன்னால் முடிந்ததை முழுசாகச் செய்தாள். செய்ய வைத்தவள் நான்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தாளம் தப்பினேன் என்று எழுதினால் மட்டும் போட மாட்டேன்.